கிணற்று நீரில் உப்பு எவ்வளவு? அரசு விவரங்களைக் கொண்டு அறியும் முறை

கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் உப்பளங்கள் வரையுள்ள கடலோரக் கிராமங்களில் ஒரே கிணற்று நீரைப் பயிருக்கும் வீட்டுக்கும் பயன்படுத்தும் சிறு விவசாயிகள் உண்டு. அந்த நீரில் கரைந்துள்ள உப்பின் அளவை அறிவது பயிருக்கு மட்டுமின்றிக் குடும்ப நலத்துக்கும் அவசியமாகும்.

கடலோர மணற்பாங்கான நிலங்களில் நன்னீர், உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியிலுள்ள உப்பு நீர் சுமார் 40 அடி வரை மேலேறக்கூடும் என்பது பொதுக் கணக்கு.

அரசு விவரங்கள்

மத்திய நிலத்தடி நீர் வாரியமும் தமிழக நீர்வளத் துறையும் கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தையும் நீரின் தரத்தையும் பதிவு செய்து வருகின்றன. மத்திய அரசின் 'இந்தியா-விரிஸ்' இணையதளத்தில் இத்தகைய விவரங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் உதவியுடன் கைபேசியிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த அளவு அரசுக் கிணற்றின் அளவே. நம் கிணற்றுக்கு அது பொருந்துமா என்று அறிய மூன்று விவரங்களைக் கவனிக்க வேண்டும்.

1. இடம்: அந்தக் கிணறு கடல், கழிமுகம், உப்பளம் ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது?
2. ஆழம்: 30 அடி திறந்த கிணற்று நீரும் 300 அடி ஆழ்குழாய் நீரும் ஒன்றல்ல.
3. மாதம்: வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஜனவரியில் எடுத்த அளவை மே மாத அளவுடன் ஒப்பிடக்கூடாது.

நீர் மாதிரி எடுத்தல்

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரில் இரண்டு மூன்று முறை கழுவி, காற்று இடைவெளியின்றி நிரப்பி மூட வேண்டும். பெயர், சர்வே எண், கிணற்றின் ஆழம், பயிர், தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டி, தாமதமின்றி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவும்.

கணக்குப் போடும் முறை

உப்பின் அளவு 'மின் கடத்தும் திறன்' என்று குறிக்கப்படும். அரசுப் பட்டியலில் 2,000 மைக்ரோ சீமன் என்றிருந்தால் அது 2 டெசி சீமன். இதை 640 ஆல் பெருக்கினால் லிட்டருக்குச் சுமார் 1,280 மில்லி கிராம் உப்புகள் கரைந்துள்ளன எனலாம்.

ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் பாய்ச்ச ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் தேவை. ஆகவே ஒரே பாசனத்தில் சுமார் 256 கிலோ உப்பு வயலில் சேருகிறது. நாளொன்றுக்கு 3 லிட்டர் இந்நீரைக் குடிப்பவரின் உடலில் பலவகை உப்புகளாக ஏறத்தாழ 4 கிராம் சேரும்.

நெல்லுக்கு 2.0, மணிலாவுக்கு 2.1, மிளகாய்க்கு 1.0 டெசி சீமன் வரை பாசன நீரால் மகசூல் குறைவதில்லை. இதற்கு மேல் போனால் மணிலாவின் விளைச்சல் வேகமாகச் சரியும்.

குடிநீரில் கவனம்

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடங்களில் 2,000 வரை அனுமதி உண்டு. நைட்ரேட்டுக்கு 45 மில்லி கிராமே வரம்பு. அதற்கு மேல் தளர்வு இல்லை. உரம், எருக்குழி, கழிப்பிடக் குழி ஆகியவற்றிலிருந்து கசியும் நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது ஆபத்தானது. நீரைக் கொதிக்க வைத்தாலும் நைட்ரேட்டும் உப்பும் நீங்கா. நீர் வற்றுவதால் அளவு சற்றுக் கூடவே செய்யும். எனவே குடிநீருக்கெனத் தனியாக நைட்ரேட் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

ஆண்டுதோறும்

ஜனவரியிலும் மே மாதத்திலும் பரிசோதித்து, அரசுக் கிணற்றின் அளவையும் அருகிலேயே நோட்டில் எழுதி வரவும். இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் அது வட்டாரப் பிரச்சினை. கிராம சபையில் எழுப்ப வேண்டியது. நம் கிணற்றில் மட்டும் உயர்ந்தால் காரணம் அருகிலேயே இருக்கலாம். நீண்ட நேரம் தொடர்ந்து இறைப்பதைக் குறைத்து, இடைவெளி விட்டு இறைக்கவும். அளவு மீறிய நீரைக் குடிப்பதை நிறுத்தி, உள்ளாட்சி வழங்கும் குடிநீரைப் பயன்படுத்தவும். பயிர்த் தேர்வு பற்றித் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி ஆலோசனை பெறலாம்.