மரை போன போல்ட் துளை: முழு பாகத்தையும் மாற்ற வேண்டியதில்லை

பவர் வீடர், விசைத்தெளிப்பான் போன்ற கருவிகளின் சிறிய இன்ஜின்களில் உடற்பகுதி பெரும்பாலும் அலுமினியம், போல்ட் இரும்பு. அளவுக்கு மீறி இறுக்கினால் முதலில் அழிவது அலுமினியத்தில் உள்ள மரைதான். பிறகு போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நூல் சுற்றியோ பசை தடவியோ மாட்டினால் சூட்டிலும் அதிர்விலும் மீண்டும் கழன்றுவிடும். ஆயில் கசிந்து குறைந்தால் இன்ஜினே ஜாம் ஆகிவிடும். ஹெலிகாயில் எனப்படும் எஃகுச் சுருளைப் பொருத்துவதே நிலையான தீர்வு.

8 மி.மீ. போல்ட்டுக்கு (மரை இடைவெளி 1.25 மி.மீ.) செய்முறை:

1. துளையை 8.3 மி.மீ. டிரில்லால் சாயாமல் நேராகப் பெரிதாக்கவும். டிரில் முனையில் கிரீஸ் தடவினால் துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

2. ஹெலிகாயில் செட்டில் உள்ள டேப்பால் புதிய மரை வெட்டவும். சாதாரண 8 மி.மீ. டேப் இதற்கு உதவாது. சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாகத் திருப்பவும்.

3. துகள்களை நீக்கி, சுருளின் மேல்முனை துளை விளிம்புக்குக் கால் முதல் அரைச் சுற்று கீழே இறங்கும் வரை ஏற்றவும்.

4. சுருளின் அடியில் உள்ள நாக்கை உடைத்து, தவறாமல் வெளியே எடுக்கவும். அது இன்ஜினுக்குள் விழக் கூடாது.

சிலிண்டர் ஹெட் போல்ட் துளை என்றால் லேத் பட்டறையிடம் விட்டுவிடுங்கள்.

இனி எந்தப் போல்ட்டையும் முதல் சில சுற்றுகள் கையால் ஏற்றிய பிறகே ஸ்பேனரை எடுங்கள். கையேட்டில் உள்ள அளவுக்கு மேல் இறுக்காதீர்கள்.