டெண்டர் ஒரு நாள், ஒப்பந்தம் இருபது ஆண்டு: சென்னைக் குடிநீர் வாரியத்தின் பணம் போகும் வழி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துக்கு 2023 ஆகஸ்ட் 21 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அன்று எல்லாச் செய்திகளிலும் இடம்பெற்ற எண் 4,276 கோடியே 44 லட்சம் ரூபாய். அதே திட்டத்தில் அதிகம் பேசப்படாத எண் ஒன்று உண்டு: 20. கட்டி முடித்த பிறகு 20 ஆண்டுகளுக்கு நிலையத்தை இயக்கிப் பராமரிக்கும் பொறுப்பும் ஒப்பந்த நிறுவனங்களிடமே இருக்கும். இன்று பிறக்கும் குழந்தை கல்லூரியில் படிக்கும் வயதிலும் இந்த ஒப்பந்தத்துக்கு நகரம் பணம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

குடிநீர்த் திட்டங்களில் யாருக்கு டெண்டர் கிடைத்தது, எவ்வளவுக்குக் கிடைத்தது என்று பார்க்கிறோம். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை. நகரம் உண்மையில் என்ன விலை கொடுக்கிறது என்பது அந்தப் பிற்பகுதியில்தான் முடிவாகிறது.

வாரியம் என்பது யார்?

மெட்ரோ வாட்டர் என்று நாம் சொல்லும் அமைப்பின் முழுப்பெயர் சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம். அது அமைவதற்கு முன்பு நகரின் குடிநீரும் சாக்கடையும் மாநகராட்சியின் கையில் இருந்தன. 1978-ல் தனிச் சட்டம் இயற்றி, அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் இரண்டையும் இந்த வாரியத்திடம் ஒப்படைத்தது தமிழக அரசு. சிந்தாதிரிப்பேட்டை பம்பிங் ஸ்டேஷன் சாலையில் தலைமை அலுவலகம். நகராட்சி நிர்வாகத் துறை அமைச்சர் தலைவர், ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் மேலாண்மை இயக்குநர்.

சொத்து வரியை மாநகராட்சிக்குக் கட்டும் சென்னைவாசி, குடிநீர் வரியையும் கட்டணத்தையும் வாரியத்துக்குத் தனியாகக் கட்டுகிறார். சாலை மாநகராட்சிக்குச் சொந்தம், அதன் கீழே ஓடும் குழாய் வாரியத்துக்குச் சொந்தம். 2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது வாரியத்தின் சுமையும் அதேபோல் பெருகியது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் குழாய் பதிப்பது, சாக்கடை அமைப்பது, நீரேற்று நிலையம் கட்டுவது என எல்லாமே டெண்டர் வழியாகத்தான் நடந்தாக வேண்டும்.

டெண்டர் எப்படி நடக்கிறது?

இதற்கான அடிப்படை, 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் கீழ் 2000-ல் வந்த விதிகளும். அறிவிப்பைப் பலரும் அறிய வெளியிட வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்ட பணிக்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். அவகாசத்தைக் குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

பெரிய பணிகளுக்கு இரட்டை உறை முறை. முதல் உறையில் தகுதியும் தொழில்நுட்ப விவரமும் இருக்கும். அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே திறப்பார்கள். குறைந்த விலை சொன்னவர் ‘எல்-1’. விலை பேச வேண்டுமென்றால் அவரோடு மட்டுமே பேசலாம். இரண்டாவது, மூன்றாவது இடத்தில் உள்ளவர்களை அழைத்துத் தனியே பேரம் பேசச் சட்டம் இடம் தரவில்லை. வெளிநாட்டுக் கடனில் நடக்கும் பணி என்றால், கடன் தரும் நிறுவனத்தின் கொள்முதல் விதிகளும் சேர்ந்துகொள்ளும். பேரூருக்குக் கடன் தருவது ஜப்பானின் ஜைக்கா.

இவை நல்ல விதிகள். இவற்றை மீறாமலேயே ஒரு டெண்டரை வளைக்கவும் முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது. முன் அனுபவம், ஆண்டு வருவாய் போன்ற தகுதி நிபந்தனைகளை ஓரிருவருக்கு மட்டுமே பொருந்தும்படி எழுதிவிட்டால், அதன் பிறகு நடப்பதெல்லாம் சட்டப்படியே நடந்ததாகக் கோப்பு சொல்லும். எனவே டெண்டர் ஆவணத்தில் முதலில் படிக்க வேண்டியது தகுதி நிபந்தனைகளின் பக்கம்.

மீஞ்சூரும் நெம்மேலியும்

ஒப்பந்தத்தின் வடிவம் என்ன செய்யும் என்பதைச் சென்னையின் முதல் இரண்டு கடல்நீர் நிலையங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும். இரண்டின் திறனும் ஒன்றுதான்: நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்.

மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் உள்ள நிலையம் 2010 ஜூலை 31 அன்று திறக்கப்பட்டது. ஹைதராபாத்தின் ஐவிஆர்சிஎல், ஸ்பெயினின் அபென்கோவா குழுமத்தைச் சேர்ந்த பெஃபேசா ஆகிய இரண்டும் இதற்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, தங்கள் முதலீட்டில் கட்டின. 25 ஆண்டுகள் அந்த நிறுவனமே நிலையத்தை வைத்து நடத்தும்; வாரியம் நீரை விலைக்கு வாங்கும்; பிறகு நிலையம் வாரியத்துக்கு வரும். ஒப்பந்தத்தின்போது பேசப்பட்ட விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. முழுத் திறனில் நீர் வாங்கினால் இந்த விலையில் ஒரு நாளுக்கு 48 லட்சத்து 66 ஆயிரம் ரூபாய்.

நெம்மேலியில் வேறு வழி. மத்திய அரசின் நிதியுதவியோடு வாரியமே பணம் போட்டது. கட்டித் தந்து, 7 ஆண்டுகள் இயக்கும் வேலையை வாபாக் நிறுவனம் எடுத்தது. 2013 பிப்ரவரியில் திறந்த நாளிலிருந்தே அது வாரியத்தின் சொத்து. முன்னது ஓட்டுநரோடு கார் வாடகைக்கு எடுப்பது. பின்னது சொந்தக் கார் வாங்கி ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுப்பது. அதே நெம்மேலியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 15 கோடி லிட்டர் நிலையமும், இப்போதைய பேரூரும் இந்த இரண்டாவது வழியைத்தான் பின்பற்றுகின்றன.

எது மேல்? தனியார் முதலீட்டில் கட்டினால் தொடக்கத்தில் வாரியத்துக்குச் செலவில்லை; ஆனால் அந்த முதலீடும் வட்டியும் லாபமும் ஒவ்வொரு ஆயிரம் லிட்டரின் விலையிலும் ஏறி உட்காரும். இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரு குறைந்தபட்சத் தொகையைத் தர வேண்டியிருக்கும். 2015 டிசம்பர் போல ஏரிகள் நிரம்பி வழிந்தாலும் சரி, 2019 போலப் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தாலும் சரி, அந்தக் கடமை மாறாது.

அடுத்தது மின்சாரம். கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் சவ்வுகள் வழியே செலுத்தித்தான் உப்பைப் பிரிக்க முடியும். ஆயிரம் லிட்டர் நல்ல நீருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகிறது. 20 ஆண்டுகளில் மின்கட்டணம் எத்தனை முறை ஏறும் என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த ஏற்றத்தை நிறுவனம் தாங்குமா, வாரியம் தாங்குமா? ஆயிரம் லிட்டருக்கு இத்தனை யூனிட்டுக்கு மேல் செலவானால் கூடுதலை நிறுவனமே கட்ட வேண்டும் என்ற வரம்பு உண்டா? டெண்டரில் சொன்ன விலையைவிட இந்த இரண்டு ஷரத்துகளே நகரத்தின் செலவை அதிகம் தீர்மானிக்கும்.

மீஞ்சூர் இன்னொரு பாடமும் சொல்கிறது. அபென்கோவா 2015 நவம்பரில் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கோரியது. ஐவிஆர்சிஎல் 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் வந்து, அடுத்த ஆண்டு கலைப்புக்குப் போனது. ஒப்பந்தக் காலத்தில் பாதிகூட அப்போது முடிந்திருக்கவில்லை. ஒப்பந்ததாரரே நொடித்துப் போனால் நிலையத்தை யார் எடுத்து நடத்துவது, வங்கி உத்தரவாதம் எவ்வளவு, சவ்வுகளை மாற்றும் செலவு யாருடையது என்பதெல்லாம் கையெழுத்திடும் நாளிலேயே எழுதி வைக்க வேண்டியவை.

கையெழுத்திடாதவர்களும் பாதிக்கப்படுகிறார்கள். நெம்மேலி நிலையத்தை ஒட்டியுள்ள சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள், நிலையம் வந்த பிறகு கரை அரிக்கப்பட்டதாகத் தொடர்ந்து முறையிட்டு வந்தார்கள். படகு நிறுத்தும் மணல் போனால் மீனவனுக்குத் தொழிலே போகிறது. கடலோரத்தைக் கண்காணிப்பதும் இழப்பீடும் ஒப்பந்தச் செலவின் ஒரு பகுதியாக இருப்பதே நியாயம்.

மண்ணுக்குள் போன குழாய்

பெரிய நிலையங்களைவிட, தெருவில் குழாய் பதிக்கும் சிறு பணிகளே எண்ணிக்கையில் அதிகம். அங்கே எல்லாம் ஒரு புத்தகத்தில் நிற்கிறது. பொறியாளர்கள் அதை ‘எம்-புக்’ என்பார்கள், அளவைப் புத்தகம். எத்தனை மீட்டர் தோண்டியது, எவ்வளவு ஆழம், எந்த விட்டமுள்ள குழாய், அடியில் மணல் படுக்கை எத்தனை அங்குலம் என்று உதவிப் பொறியாளர் களத்தில் அளந்து எழுதுவார். அவருக்கு மேலுள்ளவர் சரிபார்ப்பார். அதை வைத்துத்தான் பில் பாஸாகும்.

பள்ளத்தை மூடிய பிறகு இந்த அளவுகளை எவரும் பார்க்க முடியாது. ஒன்றரை மீட்டர் ஆழம் என்று எம்-புக்கில் இருந்து, மண்ணுக்குள் ஒரு மீட்டர்தான் இருந்தால், அது தெரியவருவது சில ஆண்டுகள் கழித்து லாரி ஏறிக் குழாய் உடையும்போதுதான். சாக்கடைக் குழாய் அருகில் இருந்தால் குடிநீரில் நாற்றம் வரும்போது. அதற்குள், குறையை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய ‘குறைபாட்டுப் பொறுப்புக் காலம்’ முடிந்து, அவரது வைப்புத்தொகையும் திரும்பிப் போயிருக்கும். பள்ளம் திறந்திருக்கும்போதே அளவுகோலை வைத்து, இடமும் நேரமும் பதியும்படி படம் எடுத்து எம்-புக்கோடு சேர்க்கச் சொன்னால் செலவு ஒன்றும் ஆகாது.

வாரியம் அமர்த்தும் தனியார் தண்ணீர் லாரிகளும் இப்படித்தான். நடைக்கு இவ்வளவு என்று கூலி. நிரப்பும் இடத்தில் போடும் கணக்கும் தெருவில் இறக்கிய கணக்கும் ஒத்துப்போனால்தான் அந்த நடை உண்மை. லாரியில் ஜிபிஎஸ் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பதிவைப் பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

கழிவுநீர்ப் பணியில் மேற்பார்வை தவறினால் உயிரே போகிறது. 2013-ம் ஆண்டின் சட்டம், ஆட்களைப் பாதாளச் சாக்கடைக்குள் அபாயகரமாக இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை நேரடியாகவும் மறைமுகமாகவும் தடை செய்கிறது. ‘அவர் எங்கள் ஊழியர் இல்லை, காண்ட்ராக்டரின் ஆள்’ என்று எந்த அமைப்பும் ஒதுங்கிக்கொள்ள இதில் இடமில்லை. இத்தகைய மரணங்களுக்கு இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இயந்திரம் கொண்டுதான் அடைப்பெடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் மட்டும் போதாது. இயந்திரம் இல்லாத ஒப்பந்ததாரர் சொல்லும் குறைந்த விலை, ஒரு மனிதரை உள்ளே இறக்கித்தான் சாத்தியமாகிறது. அந்த விலையை ஏற்றுக் கையெழுத்திடுபவருக்கும் அதில் பொறுப்பு உண்டு.

கேள்வி கேட்க வழி என்ன?

டெண்டர் அறிவிப்புகளை மாநில அரசின் மின்-டெண்டர் தளத்தில் எவரும் பார்க்கலாம். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் சட்டமன்றத்துக்கு வருகின்றன. ஆனால் பணம் செலவாகிச் சில ஆண்டுகள் கழித்தே வருகின்றன. மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை வாரியத்தின் பகுதி அலுவலகங்களில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. தண்ணீர் வரவில்லை என்பதோடு, தன் தெருவில் நடக்கும் பணியின் ஆணை, மதிப்பீடு, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஆகியவற்றையும் அங்கே கேட்கலாம்.

கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வணிக ரகசியம் என்று சொல்லி மறுக்க 8(1)(டி) பிரிவைக் காட்டுவார்கள். பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்று அதே பிரிவு சொல்வதை மனுதாரர் சுட்டிக்காட்ட வேண்டும். ஒரு நகரம் 20 ஆண்டுகளுக்குக் குடிக்கப்போகும் நீரின் விலையைவிடப் பெரிய பொதுநலன் எது?

மனுப் போட்டுக் காத்திருக்கும் நிலையே வரக் கூடாது. ஒவ்வொரு கடல்நீர் நிலையத்துக்கும் மாதம் நான்கு எண்கள் போதும்: எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு பணம் போனது, ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் ஆனது, நிபந்தனை மீறலுக்கு எவ்வளவு அபராதம் பிடிக்கப்பட்டது. இவை நான்கும் மாதாந்திர பில்லில் ஏற்கெனவே இருக்க வேண்டியவை. கேட்காமலேயே தகவல் தரும் கடமையைத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு பொது அமைப்புகள் மீது சுமத்தியிருக்கிறது. புதுச் சட்டமோ புது நிதியோ தேவையில்லை. அமைச்சர் தலைமையில் கூடும் வாரியக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.