விருந்தாளியால் வந்த வினை

உங்களுக்குத் தெரியுமா?

1930 மார்ச்சில், உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன் காந்தி எழுதிய கடிதத்தை வைஸ்ராய் இர்வினிடம் கொண்டுபோனவர் ஓர் ஆங்கிலேய இளைஞர்: குவேக்கர் கிறிஸ்தவரான ரெஜினால்ட் ரெனால்ட்ஸ். அவரை மதுரையில் தம் வீட்டில் தங்கவைத்த அமெரிக்க மிஷனரி ஆர்.ஆர். கெய்த்தானை அரசு அந்த ஆண்டே நாட்டைவிட்டு அனுப்பியது. ஒரு வேளைச் சோறு போட்டதற்கு இப்படியும் தண்டனை!

மனிதர் அசரவில்லை. திரும்பி வந்தார்; 1944-இல் மறுபடி வெளியேற்றினார்கள். விடுதலைக்குப் பின் மீண்டும் வந்து, கதர் உடுத்தி, திண்டுக்கல் வட்டாரக் கிராமங்களில் உழைத்தார்.

யோவான் நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களை ஊழியர் என்னாமல் நண்பர் என்கிறார். அதைப் பிரசங்கத்தோடு நிறுத்தாதவர் கெய்த்தான். நிலமற்றோருக்காகப் போராடிய சர்வோதயத் தம்பதி ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் இருவருக்கும் அவர் நெடுநாள் தோழர்.