மூளை ஸ்கேன் இயந்திரம்: விலையை மட்டும் பார்த்து வாங்கலாமா?

ஸ்கேன் நிலையமொன்றில் முதலிட விரும்பும் வர்த்தக நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எம்.ஆர்.ஐ. இயந்திரம் என்ன விலை போகிறது?" என்பதைத்தான். வைத்திய உபகரணத் துறையில் இருப்பவன் என்ற வகையில் நான் திருப்பிக் கேட்பது, "யாருக்கு ஸ்கேன் செய்யப் போகிறீர்கள்?" என்பதாகும்.

தலைக்கான ஸ்கேனுக்கு வருவோரில் பாரிசவாதம், வலிப்பு, மூளைக் கட்டி என்ற சந்தேகத்துடன் வருவோர் முக்கியமானவர்கள். 0.2 முதல் 0.4 டெஸ்லா வரையான நிரந்தரக் காந்த இயந்திரங்களுக்கு ஹீலியம் தேவையில்லை, மின்செலவும் குறைவு. ஆனால் சிறிய பாரிசவாதத்தையும் வலிப்புக்குக் காரணமான நுண்ணிய தழும்பையும் அவை தவறவிடக் கூடும். படம் தெளிவில்லை என்றால் வைத்தியர் அடுத்த நோயாளியை வேறிடத்துக்கு அனுப்பிவிடுவார். 3 டெஸ்லா இன்னும் நுணுக்கமானதுதான், ஆனால் செலவும் கூடுதல். பொதுவான நிலையமொன்றுக்கு 1.5 டெஸ்லா போதுமானது என்பதே எனது கருத்து.

அடுத்தது, தலையைச் சுற்றிப் பொருத்தும் கொயில். படத்தின் தரத்தில் பெரும் பங்கு இதற்குண்டு. 8 சனலா, 16 சனலா, அது விலைக்குள் அடங்குமா, தனியாக வாங்க வேண்டுமா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஹீலியம். 1.5 டெஸ்லா காந்தத்தைச் சுமார் மறை 269 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். பழைய வகைகளில் 1,000 லீற்றருக்கும் அதிகமான திரவ ஹீலியம் இருக்கும். கடை பூட்டினாலும் குளிரூட்டி 24 மணித்தியாலமும் ஓட வேண்டும். 2022 மார்ச் இறுதியில் எமது நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு அமுலானதை மறந்துவிடக் கூடாது. குளிரூட்டி நின்றால் ஹீலியம் ஆவியாகும், அதனை மீள நிரப்ப டொலர் தேவை. 2018இல் பிலிப்ஸ் நிறுவனம் 7 லீற்றர் மாத்திரம் கொண்ட, முற்றாக மூடப்பட்ட காந்தத்தை அறிமுகப்படுத்தியது. அவ்வகைக்கும் குளிரூட்டல் தடைப்படலாகாது. எனவே மின்பிறப்பாக்கியின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

பாவித்த இயந்திரம் மலிவாகக் கிடைத்தால் ஹீலியம் மட்டம், பராமரிப்புப் பதிவேடு, உதிரிப்பாகம் இன்னும் எத்தனை வருடம் கிடைக்கும் என்பவற்றைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி பற்றியும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

பாதுகாப்புச் செலவில் கைவைக்க வேண்டாம். 2001இல் நியூயோர்க் மாநிலத்தில் தலை ஸ்கேனுக்காகப் படுத்திருந்த ஆறு வயதுச் சிறுவன், காந்தம் இழுத்த ஒட்சிசன் சிலிண்டர் மோதி உயிரிழந்தான். செப்புக் கவசமிட்ட அறை, ஹீலியம் வெளியேறும் குழாய், இரும்பற்ற தள்ளுவண்டி, ஊழியர் பயிற்சி ஆகிய யாவும் இயந்திரத்தின் விலையில் ஒரு பகுதியே.

ஆகவே பங்காளிகள் கூடும்போது கொள்வனவு விலையுடன் பத்து வருடத்துக்கான பராமரிப்பு, மின்சாரம், ஹீலியம் ஆகியவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மலிவானது எது என்பது அப்போதுதான் தெரியவரும்.