நான்கு செடி, நான்கு தக்காளி

"மாமா, நீங்கதானே நாத்தை மாத்தி வெச்சீங்க?"

போன மாசி மாதம் என் அக்கா மகள் மொட்டைமாடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. கடையில் வாங்கிய ஒரே ஒரு பெங்களூர்த் தக்காளியை நறுக்கி, அதன் விதையைத்தான் அவள் தொட்டியில் போட்டிருந்தாள். நான்கு செடிகள் பிழைத்தன. காய்த்தபோது ஒன்றில் மட்டும் கடைத் தக்காளி போலவே முட்டை வடிவக் காய். இன்னொன்றில் எலுமிச்சை அளவில் உருண்டைக் காய். மூன்றாவது தட்டையாக இருந்தது, பழுத்ததும் தொட்டாலே அமுங்கியது. நான்காவது செடி ஆள் உயரம் வளர்ந்துவிட்டு மூன்றே மூன்று காய் தந்தது.

நாற்றை நான் மாற்றவில்லை. நடந்தது வேறு.

பெங்களூர்த் தக்காளி என்று நாம் வாங்குவது பெரும்பாலும் ஹைப்ரிட், அதாவது வீரிய ஒட்டு ரகம். ஒரு ரகத்தின் மகரந்தத்தை எடுத்து வேறொரு ரகத்தின் பூவில் கையால் தடவி அதன் விதையை உண்டாக்குகிறார்கள். அந்த விதையில் முளைக்கும் செடிகள் எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்கும். ஆனால் அவற்றின் பழத்துக்குள் இருக்கும் விதை அடுத்த தலைமுறை. அங்கே தாத்தாவின் குணங்களும் பாட்டியின் குணங்களும் சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி கலைந்துவிடுகின்றன. ஒவ்வொரு விதைக்கும் வேறு வேறு சீட்டு விழுகிறது. பட்டாணிச் செடிகளில் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்து, 1866இல் கட்டுரையாக வெளியிட்டவர் கிரிகோர் மெண்டல்.

பாரம்பரிய ரகங்கள் இப்படி மாறுவதில்லை. நாட்டுத் தக்காளியின் விதையைப் போட்டால் நாட்டுத் தக்காளியே வரும். காரணம் தெரிய வேண்டுமானால் ஒரு தக்காளிப் பூவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் இதழ்கள் பின்னால் மடங்கியிருக்கும். நடுவில் ஒரு சின்ன மஞ்சள் கூம்பு. மகரந்தப் பைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு குழாய் போல ஆனதுதான் அது. சூல்முடி அந்தக் குழாய்க்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. காற்றில் பூ அசைந்தால் போதும், மகரந்தம் உள்பக்கமாக உதிர்ந்து அதே பூவின் சூல்முடியில் ஒட்டிக்கொள்ளும். சில நாள் காலையில் நீலப்பட்டைத் தேனீ ஒன்று வந்து, பூவை இறுகப் பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று உடம்பையே அதிரச் செய்யும். அப்போது மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். தக்காளிச் செடி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கிறது. அதனால்தான் பாரம்பரிய ரகம் தலைமுறை தலைமுறையாகக் குணம் மாறாமல் நிற்கிறது.

இதைச் சொன்னதும் அவள் கேட்டாள்: "அப்ப என் நாலு செடியும் வேஸ்ட்டா?"

இல்லவே இல்லை. அவளுக்கு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வாழ்ந்த எம்.சி. பைல்ஸின் கதையைச் சொன்னேன். செங்குத்தான ஒரு மலைச்சாலையின் அடிவாரத்தில் அவர் லாரிகளின் ரேடியேட்டரைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். ஊரில் அவருக்கு 'ரேடியேட்டர் சார்லி' என்றே பெயர். 1930களில் அவர் ஒரு பெரிய தக்காளி ரகத்தை நடுவிலும், வேறு பெரிய ரகங்களை அதைச் சுற்றி வட்டமாகவும் நட்டார். குழந்தைகளின் காதைச் சுத்தம் செய்யும் ரப்பர் பீச்சாங்குழலில் மகரந்தத்தை எடுத்து நடுச்செடியின் பூக்களில் விட்டார். வந்த விதையை விதைத்து, அதில் சிறந்த செடியைப் பொறுக்கினார். அடுத்த ஆண்டும் அதையே செய்தார். பல ஆண்டுகள் இப்படிப் பொறுக்கியபின் குணம் நிலைத்த ஒரு ரகம் கிடைத்தது. அதன் நாற்றை ஒன்று 1 டாலர் என்று விற்று, வீட்டின் மேல் இருந்த 6,000 டாலர் கடனை ஆறே ஆண்டுகளில் அடைத்தார். அந்தத் தக்காளிக்கு 'மார்ட்கேஜ் லிஃப்டர்' என்று பெயர் வந்தது. அடமானத்தை மீட்ட தக்காளி! இன்று பாரம்பரிய ரகமாக மதிக்கப்படும் அதுவும் ஒரு காலத்தில் கலப்பில் பிறந்ததுதான். பொறுக்கிப் பொறுக்கி எடுத்த பொறுமைதான் அதை நிலைக்க வைத்தது.

"அந்த விதையையே வாங்கிப் போடலாமே மாமா?"

வாங்கலாம். ஆனால் நம் ஊர் வெயிலில் அது என்ன பாடுபடும் என்று யோசிக்க வேண்டும். தக்காளிக்குப் பகல் வெயில் தேவைதான், ஆனால் இரவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இரவிலும் புழுக்கம் குறையாவிட்டால் மகரந்தம் கெட்டு, பூக்கள் காம்போடு உதிரும். பெரிய காய் காய்க்கும் வெளிநாட்டு ரகங்கள் இதில் முதலில் தோற்கும். சின்னச் சின்னதாய்க் காய்க்கும் செர்ரித் தக்காளி சூட்டை ஓரளவு தாங்கும். 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீனும் சரியாக உண்டாகாது. பங்குனி, சித்திரையில் பழம் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடுவது இதனால்தான்.

ஆகவே முதல் முறை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது, உங்கள் பக்கத்து ஊர் விதை. தட்டையாக, மேலே பள்ளம் பள்ளமாக, ரசத்துக்கு என்றே பிறந்தது போன்ற புளிப்போடு இருக்குமே, அந்த நாட்டுத் தக்காளி நல்ல தொடக்கம். பழைய ரகமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விதை எடுக்க முடிந்தால் போதும் என்றால், பி.கே.எம். 1 இருக்கிறது. தேனிப் பக்கத்து 'அன்னஞ்சி' என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கிய ரகம் அது. செடி குட்டையாகவே நிற்பதால் தொட்டிக்கும் தோதானது.

காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றிக் கரும்பச்சைத் தோள் உள்ள ரகம் கிடைத்தால் விடாதீர்கள். அந்தப் பச்சையில் இருக்கும் பசுங்கணிகங்கள் காயிலேயே கொஞ்சம் சர்க்கரை தயாரிக்கின்றன. பழம் எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்ததில், அந்தப் பச்சைத் தோளுக்கான மரபணு பல புதிய ரகங்களில் செயல் இழந்துபோனது. இதை ஆய்வாளர்கள் 2012இல்தான் கண்டறிந்தார்கள். பார்வைக்கு அழகான பழம் கிடைத்தது, இனிப்பில் கொஞ்சம் போய்விட்டது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

அக்கா மகள் கடைசியில் மூன்றாவது செடியைத் தேர்ந்தெடுத்தாள், அந்தத் தட்டைத் தக்காளியை. நன்றாகக் கனிந்த பழத்தைப் பிழிந்து, விதையை வழவழப்போடு ஒரு டம்ளரில் போட்டு, மூன்று நாள் மூலையில் வைத்தாள். அந்த வழவழப்பு விதையை முளைக்கவிடாமல் தடுக்கும். புளித்தால்தான் பிரியும். நாலாம் நாள் தண்ணீர் ஊற்றிக் கலக்கியதும் நல்ல விதைகள் அடியில் தங்க, சக்கை மேலே மிதந்தது. வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டே அலசி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்தினாள். ஆறேழு தலைமுறை இப்படிப் பொறுக்கினால் குணம் ஏறக்குறைய நிலைத்துவிடும் என்று சொல்லியிருந்தேன்.

விதையைக் காகிதத்தில் மடித்து, மேலே எழுதினாள்: 'தட்டை. நல்ல புளிப்பு. முதல் தலைமுறை.'