முட்டை ஒரே மாதிரி, புழு வேறு

கொக்கிப்புழுவின் முட்டையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மெல்லிய ஓடு, உள்ளே நாலைந்து செல்கள். எந்த இனமானாலும் இதே தோற்றம்தான். அதனால் மலப் பரிசோதனை முடிவில் ‘கொக்கிப்புழு’ என்று மட்டும் எழுதிவிடுவார்கள். முட்டையிலுள்ள டிஎன்ஏவைப் பிரித்து, பிசிஆர் முறையில் பெருக்கிப் படித்தால்தான் இனம் தெரியும். கம்போடியாவின் கிராமம் ஒன்றில் அப்படிச் சோதித்தபோது, புழு இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இருந்தது நாய், பூனைகளின் குடலில் வாழும் அன்சைலோஸ்டோமா சிலானிக்கம்! 1911-இல் இலங்கைப் புனுகுப்பூனையிடமிருந்து விவரிக்கப்பட்ட இனம் அது. அங்கே மனிதருக்கு மட்டும் பூச்சி மாத்திரை கொடுத்தால் போதாது. நாயின் மலத்திலிருந்து மண்ணுக்கு வரும் புழு, வெறுங்கால் வழியே மறுபடி உடம்பில் ஏறிவிடும். நாய்களுக்கும் மருந்து கொடுத்தே ஆக வேண்டும்.