மகள் டாக்டராக வேண்டுமா? ஐ.பி. பள்ளியில் சேர்க்கும் முன் கேளுங்கள்!

மகள் பத்தாம் வகுப்பு தேறிவிட்டாள். அடுத்து ‘பிளஸ் டூ’வா, ‘ஐ.பி.’யா? பட்டணத்து வீடுகள் பலவற்றில் இந்தப் பேச்சு அடிபடுகிறது.

ஐ.பி. என்பது ‘இன்டர்நேஷனல் பாக்கலரேட்’ என்பதன் சுருக்கம். 1968-ம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரில் தோன்றியது. பல தேசத்து அதிகாரிகள் அங்கே வேலை பார்த்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சொந்த நாட்டுக்குத் திரும்பினால், கல்லூரியில் இடம் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. எல்லா நாட்டுக் கல்லூரிகளும் ஏற்கும்படி ஒரு பரீட்சை வேண்டும் என்று அங்குள்ள ஆசிரியர்கள் முயன்றார்கள். அந்த முயற்சியின் பலன்தான் இந்த 2 வருடப் படிப்பு. இந்தியாவில் இதை முதன்முதலில் தொடங்கியது நம் கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளிதான். ஆண்டு 1976.

மொத்தம் 6 பாடங்கள். பாடத்துக்கு 7 புள்ளி. 4,000 சொல் வரை ஒரு பெரிய கட்டுரையும் எழுத வேண்டும். அதற்கும், ‘அறிவு’ பற்றி ஆராயும் ஒரு பாடத்துக்கும் சேர்த்து 3 புள்ளி. ஆக 45. தேறுவதற்குக் குறைந்தது 24 வேண்டும். விளையாட்டு, கலை, ஊர்த்தொண்டு ஆகியவற்றுக்குப் புள்ளி கிடையாது. ஆனால் அவற்றைச் செய்யாவிட்டால் டிப்ளமோவும் கிடையாது!

டாக்டர் கனவு

ஆறு பாடங்களை இஷ்டம்போல் பொறுக்க முடியாது. இரண்டு மொழி, சரித்திரம் அல்லது பொருளாதாரம் போல ஒன்று, ஒரு விஞ்ஞானம், ஒரு கணக்கு. ஆறாவதாகக் கலைப் பாடமோ, இன்னொரு விஞ்ஞானமோ எடுக்கலாம். அதாவது, வழக்கமாக இரண்டு விஞ்ஞானம்தான்.

இந்தியாவில் மருத்துவக் கல்லூரியில் சேர பௌதிகம், ரசாயனம், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். இது தெரியாமல் இரண்டோடு நின்றுவிட்டால், விட்டுப்போன பாடத்தைப் பிறகு தனியாகப் படித்து எழுத வேண்டிவரும். பணமும் காலமும் வீண்தானே?

மூன்றும் படிக்க ஐ.பி. நிறுவனம் விசேஷ அனுமதி தருவதுண்டு. அதைப் பள்ளிக்கூடம்தான் கேட்டு வாங்க வேண்டும். மூன்றுக்கும் ஆசிரியர் உண்டா, அனுமதி வாங்கித் தருவார்களா என்று சேரும் அன்றே கேட்டுவிடுங்கள். என்ஜினீயர் ஆக விரும்பும் பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை. பௌதிகம், ரசாயனம், கணக்கு மூன்றையும் சேர்த்தே எடுக்கலாம்.

வெளிநாட்டில் படிக்கப்போகிற பிள்ளைக்கு ஐ.பி. நல்ல வழி. உள்ளூரில் டாக்டருக்குப் படிக்கப்போகிறவளுக்கு பிளஸ் டூதான் நேர் வழி.

பெயர்ப் பலகை

சில பள்ளிக்கூடங்கள் தங்களை ஐ.பி. ‘கேண்டிடேட்’ பள்ளி என்று சொல்லிக்கொள்ளும். விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், அங்கீகாரம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அது வரும் வரை டிப்ளமோ வகுப்பு நடத்த முடியாது. அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியல் ஐ.பி. நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அதில் பெயரைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். பரீட்சைக் கட்டணம் தனியா என்றும் விசாரியுங்கள்.

மே மாதம் பரீட்சை எழுதினால் ஜூலை தொடக்கத்தில்தான் முடிவு வரும். பிள்ளை சேர விரும்பும் கல்லூரி அதுவரை காத்திருக்குமா என்பதை அந்தக் கல்லூரியிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.